நடுவில் ஒரு கட்டை

கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சித்தப்பா இரண்டு கேள்விகள் கேட்டார். "எவ்ளோ வெள்ளிடா?" என்பது முதலாவது. 1,150 என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மேல்பலகையில் இருபக்கமும் வெட்டியிருந்த எஃப் வடிவத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "கரண்ட் கிட்டார்தானே? அப்புறம் எதுக்கு உள்ள காலியா இருக்கு?" என்றார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத முதல் கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

வாரநாள்களில் ஈப்போவில் பொறியியலாளர் வேலை, வாரக்கடைசியில் லெம்பா பெர்த்தாம் என்பது என் வாழ்க்கை. படித்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில், பி.டி.பி.டி.என் கடனில். அந்தக் கடன் இன்னும் மாதாமாதம் சம்பளத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நான் தேடியது 'கட்டுப்படியாகும் விலையில் ஒரு செமி ஹாலோ'. ஆறு மாதம் தேடினேன். அந்த ஆறு மாதத்தில் கிட்டார் வாசித்ததைவிடக் கிட்டார் விமர்சனங்களை வாசித்ததுதான் அதிகம். ஒரு கட்டத்தில் எனக்குக் கிட்டார்மீது இருந்த சந்தேகம் போய், விமர்சனங்கள்மீது சந்தேகம் வந்துவிட்டது.

1

செமி ஹாலோ கிட்டாரைப் பற்றிய விமர்சனங்களில் திரும்பத் திரும்ப நான்கைந்து சொற்கள் வரும். வெதுவெதுப்பு, மரத்தன்மை, காற்றோட்டம், இனிமை, ஆன்மா. எந்தக் கிட்டாரைப் பற்றியும் இதைச் சொல்லலாம். நம் ஊர் நூல் வெளியீடுகளில் 'மண்மணம் கமழும் எழுத்து' என்று சொல்வதைப் போலத்தான். கேட்கிறவருக்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொல்பவர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

இன்னொரு வகை விமர்சனமும் உண்டு. அது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "இந்த விலைக்கு நல்லாயிருக்கு." புகழ்ச்சி மாதிரி இருக்கிறதே தவிர, இது ஒரு தள்ளிவைப்பு. உண்மையான கிட்டார் வேறெங்கோ இருக்கிறது, நீ வாங்கியது அதன் நிழல், உன் வசதிக்கு நிழல் போதும் என்பதுதான் அதன் அர்த்தம். 'மலேசியத் தமிழ் நாவல் என்கிற அளவில் பரவாயில்லை' என்று சொல்லும் குரலை நாம் கேட்டிருக்கிறோம். அதே குரல்தான் இதுவும். இதற்கு மறுப்பு எழுத வேண்டுமென்றால் அந்த 'உண்மையான கிட்டார்' எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். பார்த்தேன்.

2

கிட்டாரில் மின்சாரம் ஏறிய காலத்தில், அதன் உடம்பு முழுக்கக் காலியாகத்தான் இருந்தது. கிப்சன் நிறுவனத்தின் இஎஸ்-150 1936இல் வந்தது. சாதாரண மரக் கிட்டாரில் ஒரு பிக்கப் வைத்த மாதிரி. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். மெதுவாக வாசிக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒலிபெருக்கியைக் கூட்டினால், அங்கிருந்து வரும் சத்தம் கிட்டாரின் மெல்லிய மேல்பலகையை அதிரவைக்கும். பலகை கம்பியை அதிரவைக்கும். அது மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் 'கூய்' என்று ஊளையிடுமே, அதே சங்கதி.

இதற்கு ஒரு வழி, உடம்பே இல்லாத கிட்டார். 1940ஐ ஒட்டி லெஸ் பால் என்ற கலைஞர், நியூயார்க்கில் இருந்த எபிஃபோன் தொழிற்சாலையில் ஒரு பரிசோதனை செய்தார். நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டையில் கழுத்தையும் கம்பிகளையும் பிக்கப்பையும் பொருத்தினார். ஊளை நின்றது, ஒலி நீண்டது. ஆனால் அந்தக் கட்டையை மேடையில் பார்த்தவர்கள் மதிக்கவில்லை. ஒரு எபிஃபோன் கிட்டாரின் உடம்பை இரண்டாக அறுத்து, கட்டையின் இருபுறமும் இறக்கைபோல ஒட்டினார். அதற்குப் பிறகுதான் அவர்கள் கண்ணுக்கு அது கிட்டாரானது. சத்தம் நடுக்கட்டையிலிருந்து வந்தது, மரியாதை இறக்கையிலிருந்து வந்தது.

1958இல் டெட் மெக்கார்ட்டி தலைமையில் கிப்சன் கொண்டுவந்த இஎஸ்-335, ஏறக்குறைய இந்த யோசனையை ஒழுங்குபடுத்தியதுதான். நடுவில் தலையிலிருந்து கால்வரை ஒரு மேப்பிள் கட்டை. இருபுறமும் காலி அறைகள், எஃப் துளைகள். கட்டை ஊளையை அடக்குகிறது. காலி அறைகள் எடையைக் குறைத்து, மீட்டும்போது ஒலியின் தொடக்கத்தில் ஒரு சின்ன மூச்சைச் சேர்க்கின்றன. ஊளையோடு மல்லுக்கட்டியவர் பி.பி. கிங், துளைகளுக்குள் துணியைத் திணித்து வாசித்தவர். 1980இல் கிப்சன் அவர் பெயரில் 'லூசில்' மாடலை வெளியிட்டபோது எஃப் துளைகளையே எடுத்துவிட்டது.

என் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. விலை குறைந்த செமி ஹாலோக்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை, "அது ஒட்டுப்பலகை, லேமினேட்டட்" என்பது. அந்த 1958 கிட்டாரின் மேல்பலகையும் ஒட்டுப்பலகைதான். மேப்பிள், நடுவில் பாப்ளர், மறுபடி மேப்பிள் என்று அடுக்கி, அச்சில் அழுத்தி வளைத்தார்கள். ஒரே மரத்தைக் கையால் செதுக்கி எடுத்தால் செலவு அதிகம், அதிர்வும் அதிகம். ஒட்டுப்பலகை மலிவு, விறைப்பு, ஊளை குறைவு. இன்று பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கும் 'மூலம்' பிறந்ததே செலவையும் சத்தத்தையும் பற்றிய ஒரு தொழிற்சாலைக் கணக்கில்தான். புனிதம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதுவும் ஒருவகை லேமினேஷன்.

3

நான் வாங்கிய ஐபனெஸ் ஏஎஸ்73, ஆர்ட்கோர் என்ற வரிசையைச் சேர்ந்தது. 2002இல் தொடங்கிய வரிசை. என்னுடையதன் முதுகில் சீனத் தயாரிப்பு என்று இருக்கிறது. ஐபனெஸ் என்ற பெயரே கடன் வாங்கியது: ஸ்பெயினில் கிட்டார் செய்த சால்வடோர் இபானியெஸ் என்பவரின் பெயரை ஜப்பானின் ஹோஷினோ நிறுவனம் எடுத்துக்கொண்டது. எழுபதுகளில் கிப்சன் கிட்டார்களை அச்சு அசலாக நகலெடுத்து விற்று, 1977இல் வழக்கையும் வாங்கிக்கொண்டது. அதன் பிறகு சொந்த வடிவங்களுக்கு நகர்ந்தது. ஜாஸ் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்ட் பல பத்தாண்டுகளாக வாசித்துவருவது ஐபனெஸின் ஏஎஸ்200. அவருடைய ஒலியைத் தேடுகிறவர்களுக்கு இன்று அதுதான் மூலம். நகல் என்று தொடங்கியது, வாசித்து வாசித்து மூலமாகிவிட்டது.

மரங்களின் கதை இன்னும் நெருக்கமானது. ஏஎஸ்73இன் கழுத்து நியாத்தோ. நம் காட்டு மரம். பெயரே மலாய்ப் பெயர். இங்கே மேசை நாற்காலி செய்யும் மரம். அதே குடும்பத்து மரத்தின் பாலில் செய்த கெத்தா பெர்ச்சாவைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போர்த்தினார்கள். நம் காட்டிலிருந்து போன ஒரு மரப்பெயர், சீனத் தொழிற்சாலை வழியாக, ஸ்பானியப் பெயரும் அமெரிக்க வடிவமும் தாங்கி, ஈப்போ வழியாக லெம்பா பெர்த்தாமுக்கு ஏறி வந்திருக்கிறது.

எனக்கு இன்னொரு தேர்வும் இருந்தது. 2020இல் வந்த எபிஃபோன் இஎஸ்-335. (எபிஃபோனை 1957இலேயே கிப்சனின் தாய் நிறுவனம் வாங்கிவிட்டது, அதன் விலை குறைந்த முகம் இன்று எபிஃபோன்தான்.) அதன் விரல்பலகை 'இந்தியன் லாரல்'. எந்த நாட்டு மரமோ என்று தேடினால், நம் கருமருது! பட்டை முதலைத் தோல் மாதிரி வெடித்திருக்கும் மரம். வழக்கமாக அந்த இடத்தில் ஈட்டி வகை மரம் இருக்கும். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம், 2017 ஜனவரி முதல் ஈட்டிப் பேரினம் முழுவதையும் பட்டியலில் சேர்த்தது. கிட்டார் நிறுவனங்கள் வேறு மரங்களைத் தேடின. 2019 நவம்பரில் முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தபோது மாற்று மரங்கள் நிலைத்துவிட்டன. கருமருதைப் 'பஞ்சத்துக்கு வந்த மரம்' என்று திட்டும் விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். இரண்டையும் கடையில் வாசித்துப் பார்த்தேன். என் விரலுக்கு வித்தியாசம் தெரிந்தது கம்பியின் உயரத்தில்தான். மரத்தில் இல்லை.

கடைசியில் ஐபனெஸ்தான் என்று முடிவானதற்குக் காரணம் விலை. புதிதாக வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2025 பிப்ரவரியில்தான் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. 'மலிவு' என்ற சொல் யாருடைய மாதச் சம்பளத்தை வைத்து அளக்கப்படுகிறது என்று எந்த விமர்சனமும் சொல்லவில்லை.

4

சித்தப்பா கேட்ட முதல் கேள்வியின் கனம் அதில்தான் இருக்கிறது.

அவர் தேயிலை ஆலையில் முப்பது வருடம் இருந்தவர். இலை உருட்டும் இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே வேலை. இளவயதில் தோட்டத்து இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். திருவிழா, கல்யாணம், தீபாவளி விருந்து என்று எண்பதுகளின் இறுதிவரை ஓடிய குழு. 'இளைய நிலா' வாசிக்காமல் மேடையை விட்டு இறங்கமுடியாது. 1982இல் வந்த அந்தப் பாட்டின் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது சித்தப்பாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும். ஆனால் எந்தச் சுரத்தில் விரல் எங்கே நழுவும் என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கற்றது. அதே கேசட் பெட்டியில் அல்லிகேட்ஸும் இருந்தது. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் மலாய்ப் பாட்டில் நாடே அறிந்தவர்களானது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் சொந்தப் பெருமை.

இத்தனை வாசித்தவரிடம் சொந்தமாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருந்ததே இல்லை. மேடைக்கு ஒவ்வொரு முறையும் வாடகைக் கிட்டார். வீட்டில் இருந்தது ஒரு காப்போக் கிட்டார். குவாங்சோவில் செய்த அந்த மலிவுக் கிட்டார் இங்கே எவ்வளவு பரவியது என்றால், மலாயில் மலிவான மரக் கிட்டாருக்கே 'கீத்தார் காப்போக்' என்று பெயராகிவிட்டது. காப்போக் என்றால் இலவம். நல்ல கிட்டாருக்காக இலவு காத்த கிளி மாதிரி இருந்தேன் என்று சித்தப்பா சிரிப்பார். அந்தச் சிலேடை அவருடையதுதான், என்னுடையதில்லை.

2013 அக்டோபரில் லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் வந்தது. நடுராத்திரி. உயிர்கள் போயின. அதை வைத்துப் பார்க்கும்போது குழுவின் பழைய ஸ்பீக்கர் பெட்டியும் காப்போக்கும் போனதைப் பேசுவதே கூச்சம். சித்தப்பாவும் பேசியதில்லை. அதற்குப் பிறகு அவர் கிட்டாரைத் தொடவில்லை என்பதை மட்டும் நான் கவனித்திருந்தேன். ஆறு மாதம் தேடியதில் என் ஆசை எவ்வளவு, அவருக்காக எவ்வளவு என்று கேட்டால் என்னால் சரியாகப் பிரித்துச் சொல்லமுடியாது.

5

இனி கிட்டாரைப் பற்றி.

முதலில் குறைகள். வந்தபோது பன்னிரண்டாம் கட்டையில் கம்பியின் உயரம் 2.8 மில்லிமீட்டர். விரல் வலிக்கும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் திருப்பு முறுக்கி, பாலத்தையும் இறக்கி 1.9க்குக் கொண்டுவந்தேன். இரண்டு வாரத்தில் மறுபடி ஏறியது. கிட்டாருக்கு 45இலிருந்து 55 விழுக்காடு ஈரப்பதம் நல்லது என்பார்கள். எங்கள் மேட்டுநிலத்தில் மழைக்காலக் காலைகளில் துவைத்த சட்டையே மூன்று நாள் காயாது. மரம் குடித்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன். பூச்சுக் கம்பிகளாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரணக் கம்பி இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஒலி அளவுக் குமிழ் ஒன்று கரகரத்தது. திடக்கட்டைக் கிட்டார் என்றால் பின்மூடியைத் திறந்து பத்து நிமிடத்தில் மாற்றலாம். செமி ஹாலோவில் மூடி கிடையாது. எல்லா வயரையும் எஃப் துளை வழியாக வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நூலைக் கட்டி, பழையதை வெளியே எடுத்து, புதியதை அதே நூலில் கட்டித் துளைக்குள் விட்டு, மீன்பிடிப்பதுபோல இழுத்து இடத்தில் உட்காரவைக்க வேண்டும். எனக்கு நான்கு மணி நேரம். செகண்ட் ஹேண்ட் செமி ஹாலோ வாங்குகிறவர்கள் கடையிலேயே எல்லாக் குமிழையும் சுவிட்சையும் திருப்பிப் பார்த்துவிடுங்கள். இதைவிட உபயோகமான அறிவுரை என்னிடம் இல்லை.

கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் அடித் தந்திகள் கூழாகின்றன. ஒலியைச் சிதைத்துக் கனமான ராக் வாசிக்க நினைப்பவர்களுக்கு இது சரிவராது. நடுக்கட்டை இருந்தாலும் ஓர் அளவுக்கு மேல் ஊளை வரும். உடம்பும் பெரியது. மோட்டார்சைக்கிளில் முதுகில் மாட்டிக்கொண்டு ரிங்லெட் வளைவுகளில் இறங்கினால் காற்று அடித்துத் தள்ளும்.

இப்போது நிறை. மின்சாரமில்லாமல் வாசித்தாலும் இதன் சத்தம் வாசிப்பவருக்குக் கேட்கும். விமர்சனங்களில் இது ஒரு வரியில் கடந்துபோகிற விஷயம். லயத்து வீட்டில் இதுதான் முதல் விஷயம். நடுச்சுவர் மெலிது, பக்கத்து வீட்டில் விடிகாலை வேலைக்குப் போகிறவர் தூங்குகிறார். திடக்கட்டைக் கிட்டாரை ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்தால் கம்பியின் சிணுங்கல் மட்டும்தான். மரக் கிட்டாரை வாசித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில், ஓர் அறை அளவுக்கு, ஓர் ஆள் அளவுக்குக் கேட்கிற கிட்டார் இது. சித்தப்பாவின் கேள்விக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: "ராத்திரில வாசிக்கத்தான் சித்தப்பா, உள்ள காலியா இருக்கு."

சொன்ன பிறகுதான் அதிலிருந்த ஓட்டை தெரிந்தது. முப்பது வருட இயந்திரச் சத்தத்தில் அவருடைய காது மந்தமாகிவிட்டது. எனக்குக் கேட்கும் அந்த மெல்லிய சத்தம் அவருக்குக் கேட்காது. அவரிடம் கொடுத்தேன். ஒரு கம்பியை மீட்டினார். தலையாட்டினார். "ஒண்ணும் வரலியே." ஒலிபெருக்கியைப் போடட்டுமா என்று எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, குனிந்து, கிட்டாரின் மேல்விளிம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டார். அதே கம்பியை மறுபடி மீட்டினார். எலும்பு வழியாகச் சத்தம் உள்காதுக்குப் போகும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அவர் அதை உருட்டு இயந்திரத்தின் இரும்புத் தூணில் தலையைச் சாய்த்து, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பழகியவர்.

தாடை இருந்த இடம் காலி அறையின் விளிம்பு. நடுக்கட்டையில் வைத்திருந்தால் இவ்வளவு அதிர்ந்திருக்குமா என்று அப்புறம் நானே வைத்துப் பார்த்தேன். அதிர்வு குறைவு. லெஸ் பால் ஒப்புக்கு ஒட்டிய இறக்கை அந்த ராத்திரி வேலை செய்தது.

அன்று முக்கால் மணி நேரம் வாசித்தார். விரல்கள் பல இடத்தில் தவறின. முடித்ததும், விலையைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார்: "ஆயிரத்து நூத்தி அம்பது ஜாஸ்திதான். அங்கிள்கிட்ட இன்னும் நூறு வெள்ளி கொறச்சிருக்கலாம்." கழுத்துப் பிக்கப் கூழாக இருக்கிறது என்று நான் சொன்னதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினேன். "டோனைத் தொறந்து வாசி, அடியில கை வைக்காத, அவ்ளோதான்" என்றார். செய்து பார்த்தேன். பாதி கூழ் என் கையில்தான் இருந்திருக்கிறது. மீதிப் பாதியை இன்னும் கிட்டார்மீதுதான் போட்டு வைத்திருக்கிறேன்.

'இந்த விலைக்கு நல்லாயிருக்கு' என்று இந்தக் கிட்டாரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. இதற்குக் குறைகள் உண்டு, மேலே எழுதியிருக்கிறேன். எல்லாம் இந்தக் கிட்டாரின் குறைகள், வேறொன்றின் நிழலாக இருப்பதன் குறைகள் இல்லை. வாரநாள்களில் அது இப்போது லெம்பா பெர்த்தாமில்தான் இருக்கிறது. போனவாரம் போனபோது கம்பியின் உயரத்தை அளந்தேன். 1.7. யாரோ பாலத்தை இறக்கியிருக்கிறார்கள்.